மூடி போட்டு எடுத்த படம்

எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் கஸ்பார் முதலில் அதன் கண்ணைக் கட்டிவிடுவார்.

தர்மபுரியில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் ஒரு கேமராவைச் சோதிக்க வேண்டுமென்றால் பிள்ளையைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள், மல்லிகைப் பூவை எடுத்துப் பார்ப்பார்கள். கஸ்பார் லென்சுக்கு மூடி போட்டு, மேலே ஒரு கறுப்புத் துணியையும் போர்த்தி, இருட்டைப் படம் எடுப்பார். அந்த இருட்டைக் கம்ப்யூட்டரில் ஊதிப் பெரிதாக்கி, அங்கங்கே மினுங்கும் சிவப்பு, நீலப் புள்ளிகளை உற்றுப் பார்த்து, எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டைப் பார்த்ததுமே கேமராவின் சொந்தக்காரர் புதுக் கேமராவின் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சென்சாரில் எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னக் கண்கள் உண்டு. அவற்றில் சில பழுதானவை. வெளிச்சமே இல்லாதபோதும் எதையோ கண்டதுபோல மினுங்கும். மொத்தத்தில் இந்தக் கோளாறுக்கு நாய்ஸ் என்று பெயர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கஸ்பார் வெறும் கல்யாண போட்டோகிராபராக இல்லாமல் ஆனார். 'சென்சார் டாக்டர்' என்று யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினார். அதில் பெரும்பாலும் திரை கறுப்பாகவே இருக்கும். பின்னால் கஸ்பாரின் குரல் மட்டும் கனமாக ஓடும். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு, அந்தக் கறுப்பை மட்டும் பார்த்து 'சூப்பர்ணா' என்று எழுதிவிட்டு இறங்கிப்போவார்கள். கஸ்பாருக்கு அதில் குறையொன்றும் இல்லை.

ஊரார் கேமராவுக்கெல்லாம் மூடி போட்டவர் தன்னுடைய கேமராவுக்கு மட்டும் போட்டுப் பார்த்ததில்லை. அது அவர் டாக்டர் ஆவதற்கு முன்பே வாங்கியது. கட்டின மனைவியை யாராவது சந்தேகப்படுவார்களா என்பது அவர் கட்சி.

அந்தக் கேமராவில் அவர் எடுத்ததாக ஒரு படம் உண்டு. பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா மாது, தக்காளி விவசாயி. தாலி கட்டி முடிந்த கொஞ்ச நேரத்தில் மண்டிக்காரர் போன் பண்ணி, விலை ஏறிவிட்டது என்று சொல்கிறார். மண்டபத்துப் பின்கட்டில், அடுக்கி வைத்த, தக்காளி ஏற்றும் காலி பிளாஸ்டிக் கிரேடுகளுக்கு நடுவே, கழுத்தில் மாலையும் காதில் போனுமாக, மாது வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். பெண் பிறந்ததற்கும் சிரித்திருக்க மாட்டார், பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதற்கும் சிரித்திருக்க மாட்டார், அப்படி ஒரு சிரிப்பு. மாவட்டப் புகைப்படக் கலைஞர்கள் சங்கம் அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்தது, காலண்டரிலும் போட்டது.

காலண்டருக்குக் கொடுக்கும் முன் கஸ்பார் அதன் நாய்ஸையெல்லாம் சாப்ட்வேரில் வழித்து எடுத்தார். கூடவே மாதுவின் அம்மைத் தழும்பும் கன்னத்துச் சுருக்கமும் போய்விட்டன. காலண்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாது, "யாருங்க இது, நம்ம சம்பந்திங்களா?" என்று கேட்டார். கஸ்பார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

படம் பிறந்த கதையை அவர் சொல்லாத மேடை இல்லை. முதல் வருடம் சொன்னபோது பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனவர், தற்செயலாகப் பார்த்து எடுத்தார். அடுத்த வருடம், மாது சிரிப்பார் என்று உள்ளுக்குள் ஒரு மணி அடித்துக் காத்திருந்தார். இப்போதெல்லாம் சாக்கடை ஓரமாக மண்டியிட்டு, மூச்சை நிறுத்தி எடுக்கிறார். "கையெல்லாம் ரசமுங்க. இன்னிக்கும் அந்த பட்டனை மோந்து பாத்தா ரச வாசம் அடிக்கும்." இந்த இடத்தில் அவர் குரல் உடையும். கூட்டம் கைதட்டும்.

இப்படிப்பட்ட படம்தான் போன மாதம் பாலக்கோட்டில், தக்காளி மார்க்கெட்டுக்கு எதிரே, இனிகோ என்ற பையன் புதிதாகத் திறந்த ஸ்டுடியோவின் வாசலில் பெரிய பிளக்ஸாக நின்றது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பிளக்ஸின் அடிப்பகுதியை முன்னால் அடுக்கியிருந்த தக்காளி கிரேடுகள் மறைத்திருந்தன. மேலே மாது சிரித்துக்கொண்டிருந்தார், அம்மைத் தழும்போடு.

கஸ்பாருக்கு ரத்தம் கொதித்தது. பாலக்கோட்டுக்கு பஸ் ஏறி ஒருதரம் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். அது சாதாரண மனிதர்கள் செய்கிற வேலை. சென்சார் டாக்டர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். திருட்டை அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப் போவதாகவும், அதற்காகச் சங்க உறுப்பினர்கள் அனைவரும் தத்தம் கேமராவுடன் வர வேண்டும் என்றும், வராதவர்மேல் சந்தேகம் விழுந்தால் தான் பொறுப்பல்ல என்றும் அதில் இருந்தது.

இனிகோ போன் பண்ணினான். "அண்ணா, அந்தப் படம் வந்துங்க..."

"கூட்டத்துல பேசிக்கலாம் தம்பி."

"இல்லீங்ணா, போர்டுலயே கீழ..."

"போர்டைப் பத்தி நீ பேசாத. புள்ளி பேசட்டும்." வைத்துவிட்டார். 'புள்ளி பேசட்டும்' என்பது நன்றாக இருக்கிறதே என்று தோன்றி, அதையே அந்த வார வீடியோவுக்குத் தலைப்பாக வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு கஸ்பார் சங்கக் கட்டடத்துக்குப் போனார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல் இருந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. டீயும் மிக்சரும் சுற்றி வந்தன. முன்னால் ஒரு மேசையில் கேமராக்கள், திருவிழாவில் செருப்பு விட்ட மாதிரி, வரிசையாகக் கிடந்தன.

சங்கத் தலைவர் மாரியப்பனுக்குச் சண்டை என்றாலே ஆகாது. "ஏம்பா கஸ்பாரு, நமக்குள்ள பேசித் தீத்துக்கலாமே. ஒரு போட்டோவுக்குப் போயி..."

"போட்டோ இல்லீங்க தலைவரே. எம்புள்ளை அது."

"புள்ளைக்கு மச்சம் பாக்கப் போறாரு, உக்காருங்க தலைவரே" என்றது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல். மொரப்பூர்க் கோகிலவாணி. சொந்தமாக ஸ்டுடியோ கிடையாது. முகூர்த்த நாளில் இரண்டு ஆர்டர் ஒன்றாக வந்து தவிக்கிறவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கஸ்பாரும் கூப்பிடுவார். மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மிக்சரைக் கொறித்துக்கொண்டு ரயிலேறிப் போய்விடுவாள். கூட்டம் சிரித்தது. கஸ்பாரும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

ஹார்டு டிஸ்க்கைச் செருகி, வழித்தெடுக்காத அசல் படத்தைச் சுவரில் விழவைத்தார். மாதுவின் சிரிப்பு சுவர் முழுக்க நிறைந்தது. கஸ்பார் ஒரு குச்சியை எடுத்தார்.

"இந்தச் சட்டைப் பாக்கெட்டுல ஒரு செவப்புப் புள்ளி. காதுக்கு மேல ஒரு நீலம். பின்னால புளியமரத்து இருட்டுல இன்னொரு செவப்பு. அடுப்புக்கு மூணு கல்லு வெச்ச மாதிரி இருக்குதா? இந்த மூணும் எந்தக் கேமராவோட இருட்டுல இதே எடத்துல வருதோ, அந்தக் கேமராதான் இந்தப் படத்தைப் பெத்த தாய்."

பொருளாளர் குமார் கை தூக்கினார். "பைலுக்குள்ளயே கேமரா மாடலு, தேதியெல்லாம் இருக்குமுங்களே?"

"மாவட்டத்துல பாதிப் பேரு இதே மாடல்தான் வெச்சிருக்கோம். மத்ததை யாரு வேணாலும் திருத்தலாம். புள்ளியைத் திருத்த முடியாது குமாரு. அது கடவுள் வெச்ச ஒப்பம்." கஸ்பார் சற்று நிறுத்தினார். யாரும் கைதட்டவில்லை. மேலே போனார்.

முதலில் இனிகோவின் கேமரா. மூடி போட்டு, துணி போர்த்தி, பட்டனை அழுத்தினார். வந்த இருட்டை மாதுவின் படத்தின்மேல் அப்படியே ஏற்றினார். புள்ளிகள் எங்கெங்கோ விழுந்தன, ஒன்றும் பொருந்தவில்லை.

"பாத்துக்கோங்க" என்றார்.

"நான் எடுத்தேன்னு நான் சொல்லவே இல்லீங்களேண்ணா" என்றான் இனிகோ.

"சரி, இப்பத் தாயைப் பாப்போம்."

தன் கேமராவை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை. ஒத்திகை பார்ப்பதே ஒரு சந்தேகம்தானே. மூடி, துணி, பட்டன். சுவரில் இருட்டு வந்தது. வெறும் இருட்டு. ஒரு புள்ளி இல்லை.

"டாக்டரோட கேமரா சுத்தமுங்க" என்றார் யாரோ, நல்ல எண்ணத்தில்.

கஸ்பார் இன்னொரு முறை எடுத்தார். நேரத்தைக் கூட்டி எடுத்தார். அமாவாசை மாதிரி கும்மென்று இருண்டிருந்தது. அந்த நிமிடத்திலும் தான் எடுக்கவில்லையோ என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. அறிவியலில்தான் எங்கோ பிசகு என்று நினைத்தார்.

"மத்த கேமராவையும் பாத்துருவோம்" என்றார். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. குமாருடையதை எடுத்தார், பொருந்தவில்லை. அடுத்தது, வார் அறுந்து ஷூ லேஸால் முடிச்சுப் போட்டிருந்த ஒரு கேமரா.

"அது என்னுதுங்கண்ணா. அது வேணாம், விட்டுருங்க" என்றாள் கோகிலவாணி.

கஸ்பாரின் கண்ணில் வெளிச்சம் வந்தது. ஆகா, இவள்தான்! தன் கம்ப்யூட்டரிலிருந்து படத்தை எடுத்து இனிகோவுக்குக் கொடுத்தவள் இவளாகத்தான் இருக்க வேண்டும். இழந்த குரலெல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்தது.

"ஏன் வேணாம்? பயமா இருக்குதா?"

"பயம் எனக்கில்லீங்கண்ணா."

"அப்பப் பாத்துருவோம்."

"கஸ்பாரு, டீ ஆறிப் போவுதுப்பா, ஒரு வாய் குடிச்சுட்டு..." என்று மாரியப்பன் எழுந்தார். கஸ்பார் அவரைக் கையமர்த்திவிட்டு, மூடியைப் போட்டார்.

இருட்டு வந்தது. அதில் மூன்று புள்ளிகள். கீழே சிவப்பு, நடுவில் நீலம், மேலே சிவப்பு. படத்தின்மேல் ஏற்றினார். சட்டைப் பாக்கெட்டில் ஒன்று, காதுக்கு மேல் ஒன்று, புளியமரத்தில் ஒன்று. ஒரு மயிரிழை விலகாமல் உட்கார்ந்தன. அவர் சேனல் தொடங்கிய நாளிலிருந்து இத்தனை துல்லியமான சோதனை அமைந்ததே இல்லை.

கஸ்பார் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் வாயைப் பிளந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் பிளக்கவில்லை. குமார் மிக்சரில் கடலை தேடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர் மேற்கூரையைப் பார்த்தார். இனிகோ தன் செருப்பைப் பார்த்தான். ஆச்சரியப்பட்ட முகம் என்று அந்த அறையில் இருந்தது தன்னுடையது ஒன்றுதான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கோகிலா..." என்றார்.

"அன்னிக்கு நீங்க மேடையில மாப்ளையத் தாடையத் தூக்கச் சொல்லிட்டு இருந்தீங்கண்ணா. கும்பல் எறங்கவே இல்ல. நான் சாப்ட்டுட்டுக் கை கழுவப் போனேன். இந்த மனுசன் சிரிச்சிட்டு நின்னாரு. ரசக் கையோட ஒரு கிளிக். அவ்வளவுதான். கார்டு குடுக்கறப்ப உங்ககிட்டயே சொன்னேனே, ரசம் பட்டுருச்சு, தொடைச்சிட்டேன்னு."

ரசம்கூட அவருடையதில்லை.

"அப்புறம் ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? ஆர்டர் உங்களுது, பேரு உங்களுது. எல்லா ஸ்டுடியோவுலயும் அதானே வழக்கம்." அவள் மிக்சர்க் கையை முந்தானையில் துடைத்தாள். "அதுமில்லாம நீங்க சொல்ற கதை நல்லா இருந்துச்சுங்கண்ணா. சாக்கடை ஓரம் மண்டி போட்டீங்கன்னு சொன்னீங்க பாருங்க, நானே ஒரு வாட்டி கண்ணு கலங்கிட்டேன். அதை எதுக்குக் கெடுக்கணும்?"

அவள் கிண்டலாகச் சொல்லியிருந்தால் கஸ்பாருக்குக் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும். உண்மையாகவே சொன்னாள்.

இனிகோ மெதுவாக எழுந்தான். "போர்டுல கீழ 'படம்: கோகிலவாணி, மொரப்பூர்'னு போட்டிருக்குதுங்ணா. அக்காகிட்டதான் படத்தைக் கேட்டு வாங்கினேன். பேரையும் பெருசாத்தான் போட்டேன். கிரேடு அடுக்கி மறைச்சிடறானுங்க. அதைத்தான் போன்ல சொல்ல வந்தேன்."

அறையில் இருந்த நல்ல மனிதர்களுக்கெல்லாம் கஸ்பார் நின்ற நிலை தாங்கவில்லை. மாரியப்பன்தான் முதலில் கண்டுபிடித்தார். "இருப்பா, இரு. கேமராவை சர்வீஸ்ல குடுத்தா இந்தப் புள்ளியையெல்லாம் எடுத்துருவாங்கன்னு நீதான ஒரு வீடியோவுல சொன்ன? உன்னுதை சர்வீஸுக்கு அனுப்பியிருப்ப. புள்ளி போயிருக்கும். ரெண்டு கேமராவும் ஒரே மாடலு. ஒண்ணு மாத்தி ஒண்ணு ஆயிருக்கும்."

அது எந்த விதத்திலும் பொருந்தாத விளக்கம் என்பது அந்த அறையிலேயே கஸ்பாருக்குத்தான் நன்றாகத் தெரியும். புள்ளி போகலாம். போன புள்ளி அடுத்தவர் கேமராவில் போய் அதே இடத்தில் உட்காராது. இதற்கே தனியாக ஒரு வீடியோ போட்டிருக்கிறார்.

"ஆமாங்க தலைவரே. சர்வீஸ் போயிருந்துச்சு" என்றார்.

உடனே கூட்டம் மொத்தமும் தலையை ஆட்டியது. அத்தனை வேகமாக, அத்தனை ஒற்றுமையாக அந்தச் சங்கம் எந்தத் தீர்மானத்துக்கும் தலையாட்டியதில்லை. "ஆமாமா, சர்வீஸ்ல அப்படித்தான் ஆவும்." "எனக்கும் ஒருவாட்டி ஆச்சு." கோகிலவாணியும் ஆட்டினாள். "அதான் பாத்தேன்" என்றாள். குமார் புது டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தார், நோயாளிக்குப் போடுகிற மாதிரி.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கஸ்பார் வண்டியை எடுத்தார். வீடு இருக்கும் அதியமான்கோட்டை வரை ஹைவேயில் லாரிகள் அவரை உரசிக்கொண்டு போயின. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கல்யாண நாளைப் பிடிவாதமாக ஞாபகப்படுத்திப் பார்த்தார். சாக்கடை வந்தது, கிரேடு வந்தது, மாது வந்தார், எல்லாம் தெளிவாக வந்தன. கேமரா பிடித்த கையை மட்டும் நெருங்கிப் பார்த்தால் அதில் கண்ணாடி வளையல் இருந்தது.

வீட்டில் மனைவி ஆக்சிலியா குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள். "என்னாச்சுங்க, புள்ளி பொருந்துச்சா?"

"பொருந்துச்சு. ஆனா கேமரா சர்வீஸ் போனதுல கொஞ்சம் கொழப்பம்."

"எப்பப் போச்சு சர்வீஸு? வாங்குனதுலேருந்து ஒருதரம்கூட சர்வீஸ் கடை வாசல்படி மிதிக்கலைன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க?"

கஸ்பார் மாடியில் இருக்கும் தன் அறைக்குப் போனார். அங்கே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மாது, தழும்பில்லாமல், மெழுகுப் பொம்மைபோலச் சிரித்தார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. திருடன் என்று சொல்லியிருந்தால்கூட இந்த நேரத்துக்குத் தூங்கியிருப்பார். அவர்கள் தலையாட்டியதுதான் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறுக்கே நின்றது. இத்தனை வருடமும் ஒவ்வொரு மேடையிலும் அவர்கள் இப்படித்தான் தலையாட்டியிருக்கிறார்கள். அவர்தான் அதைக் கைதட்டல் என்று நினைத்திருந்தார்.

மதியம் சாய்ந்த பிறகு கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, எதிரே உட்கார்ந்தார். மூடியைக் கழற்றக் கை போனது. கழற்றினால் முகம் தெரியும். அப்படியே விட்டுவிட்டுப் பதிவு பட்டனை அழுத்தினார்.

"வணக்கம். நான் கஸ்பார் பேசறேன். மாது அண்ணன் சிரிக்கிற படம் நான் எடுத்தது இல்லீங்க. மொரப்பூர் கோகிலவாணி எடுத்தது. நான் சொன்ன கதையெல்லாம் அந்தப் பொண்ணு சொன்னதுலேருந்து நானா வளத்துக்கிட்டது. இன்னிக்கு இனிகோங்கிற தம்பியத் திருடன்னு சங்கத்துல நிறுத்துனேன். அப்புறம் சர்வீஸ்னு ஒரு பொய்யும் சொன்னேன். சர்வீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல." இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தார். வழக்கமாக வந்து விழும் கனமான வார்த்தைகள் எதுவும் வரவில்லை. அணைத்துவிட்டார். சேனலில் ஏற்றினார். இனி வசை வரும், வரட்டும் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முதல் கருத்து வந்தது.

'சூப்பர்ணா. ஒரு புள்ளிகூட இல்ல. எந்த மாடல்?'

கொஞ்ச நேரத்தில் அடுத்தது. 'நாய்ஸே இல்ல, வேற லெவல். லோ லைட்டுக்கு இதையே வாங்கலாமாண்ணா?'

மூன்றாவது ஆள் கை கூப்பும் படம் மட்டும் போட்டிருந்தான்.

கதவோரத்தில் ஆக்சிலியா தட்டில் சோற்றோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவர் பேசினதைக் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. எட்டிப் போனைப் பார்த்தாள்.

"யாரும் சத்தம் வெச்சிக் கேக்கல போலருக்குதே" என்றாள்.

"ம்."

"அப்ப விட்டுருங்க. நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்கல்ல."

அதுவும் சரிதான் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லியாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை என்றால் அது அவர் தப்பா? அந்த எண்ணம் இதமாக இருந்தது. சங்கத்தில் குமார் கொடுத்த டீயைப்போலத் தித்தித்தது. அந்தத் தித்திப்பு நாக்கில் பட்டதுமே கஸ்பாருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தார். "அந்தச் சன்னலைத் தொற" என்றார்.

"இருட்டிட்டு வருதுங்க. வெளிச்சம் பத்தாது. அப்புறம் படத்துல புள்ளி புள்ளியா வருதும்பீங்க."

"வரட்டும்."

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தாள். கஸ்பார் கேமராவின் மூடியைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போய் எதிரே உட்கார்ந்தார்.

"தலையாவது சீவிக்கிட்டு உக்காருங்க" என்றாள் ஆக்சிலியா.

"வேணாம். பட்டனை அமுக்கு."